தேக்குத் தளம் காத்திருக்கட்டும்

கேள்வி: நானும் என் கணவரும் மலேசியாவின் கிள்ளானைச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லங்காவியில், 1980இல் தைவானில் கட்டப்பட்ட தயானா 37 ரகப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினோம். ஓராண்டில் பழுதுபார்த்து முடித்து, தாய்லாந்து வழியாக இலங்கைக்கும், முடிந்தால் அதற்கப்பாலும் போவது திட்டம். இன்று படகு கரையில் ஏற்றப்பட்டு நிற்கிறது. உள்ளறைப் பலகைகள் எல்லாம் கழற்றப்பட்டுவிட்டன. ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. இப்போது மேல்தளத்துத் தேக்குப் பலகைகளை முழுவதும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் கணவர். உள்ளது போதும், வருகிற ஜனவரியில் புறப்படுவோம் என்கிறேன் நான். எனக்குத் தரப்படும் வேலை உப்புத்தாள் தேய்ப்பதும் வார்னிஷ் அடிப்பதும்தான். இயந்திரம், மின்சாரம் எதையும் அவர் சொல்லித்தருவதில்லை. எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. யார் சொல்வது சரி? அல்லது படகை விற்றுவிடுவதே நல்லதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேக்குத் தளத்தை இந்த ஆண்டு தொட வேண்டாம். ஆனால் உள்ளது போதும் என்று வருகிற ஜனவரியில் இலங்கையை நோக்கிப் புறப்படவும் வேண்டாம். ஜனவரிக்குள் படகைத் தண்ணீரில் இறக்கி, தாய்லாந்தின் கரையோரமாக ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கடுத்த ஜனவரியில் இலங்கைக்குக் கடல் கடப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. இது உங்கள் இருவரையும் சமாதானப்படுத்த நடுவில் போட்ட கோடு அல்ல என்பதைக் கீழே உள்ள காரணங்களைப் படித்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

நாற்பது ஆண்டைத் தாண்டிய படகில் எதைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் இன்னொரு பழுது காத்திருக்கும். அது படகின் குற்றமும் அல்ல, உங்கள் கணவரின் குற்றமும் அல்ல. ஆனால் கண்ணில் பட்ட வரிசையில் பழுதுபார்ப்பவருக்கு வேலை முடிவதே இல்லை. எது போனால் படகு மூழ்கும், எது போனால் பாய்மரம் சாயும், எது போனால் தீப்பிடிக்கும், எது போனால் சுக்கான் கைவிடும் என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் விடையாக வராத வேலை எதுவாக இருந்தாலும், அது முதல் பயணத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை. தேக்குத் தளம் அந்த வகையைச் சேர்ந்தது. குளிர்ப்பெட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, புது மெத்தை உறை எல்லாமும் அப்படியே.

நீங்கள் வாங்கியது நல்ல படகு. ராபர்ட் பெர்ரி வடிவமைத்து, தைவானில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட ரகம் அது. எடை பத்து டன்னுக்குக் குறையாது. நெடுங்கடலை மனத்தில் வைத்து வரையப்பட்டது. அதன் கண்ணாடியிழை உடல் கனமானது. அடிப்பாரமாகிய இரும்பு, உடலுக்குள்ளேயே வைத்து மூடப்பட்டிருப்பதால், மற்றப் பழைய படகுகளில் நான் முதலில் கவலைப்படும் கீல் (படகின் அடித்தண்டு) போல்ட்டுகள் உங்கள் படகில் கிடையாது. கீலின் அடிவிளிம்பில் தரைதட்டிய காயம் இருக்கிறதா, அதன் வழியே இரும்புக்குத் தண்ணீர் போய்த் துரு கசிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நீர்மட்டத்துக்குக் கீழே சிறு கொப்புளங்கள் தென்பட்டால் அதைக் கண்டு மிரள வேண்டாம். இத்தனை கனமான உடலில் அவை பெரும்பாலும் அழகுக்குறையே. லங்காவியில் வாங்கிய படகு என்பதால் ஒரு கேள்வியை மட்டும் முந்தைய உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்: 2004 டிசம்பரில் இது எங்கே நின்றது? சுனாமியில் அங்குள்ள படகுத்துறைகள் சிதைந்தன; கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின, சில மூழ்கின. அப்படி அடிபட்டுப் பின்னர் பூசி மெழுகப்பட்ட உடலாக இருந்தால் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இனி, முதலில் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் கம்பிவடங்களைப் படகின் உடலோடு பிணைக்கும் எஃகுத் தகடுகளைச் செயின் பிளேட் என்பார்கள். உங்கள் படகில் அவை மேல்தளத்தின் வழியே உள்ளே இறங்கி, அலமாரிகளுக்குப் பின்னால் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். தளத்தின் துளைக்குள் இருக்கும் இரண்டு அங்குலப் பகுதியிலோ, பழைய பசையில் தேங்கிய உப்புநீர் இருக்குமே தவிர, காற்று இருக்காது. ஆகவே தகடு வெளியில் பளபளவென்றும், உள்ளே அலமாரிக்குள்ளும் பளபளவென்றும் இருக்க, நடுவில் மறைந்த அந்தத் துண்டில் மட்டும் நூலிழை போன்ற விரிசல்கள் ஓடிக்கொண்டிருக்கும். அலமாரியைத் திறந்து, தகடு தளத்திலிருந்து இறங்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்தில் தேநீர் நிறத்தில் கறை வழிந்திருந்தால் தண்ணீர் எத்தனையோ ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கறை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவித் துடைத்து, சாய ஊடுருவல் சோதனை செய்யுங்கள். சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சை அடித்தால், விரிசல் இருக்கும் இடம் சிவப்புக் கோடாக மேலெழும். அந்தக் கோடு தெரிந்த தகட்டை உரசிப் பளபளப்பாக்கித் திரும்ப மாட்டுவது தற்கொலைக்குச் சமம், புதிதாக வெட்டுவியுங்கள். அளவு எடுத்துக் கொடுத்தால் எந்த எஃகுப் பட்டறையிலும் செய்துவிடுவார்கள். கம்பிவடங்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், அவற்றின் காலம் முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்; பத்து முதல் பதினைந்து ஆண்டுகளே அவற்றின் பொதுவான ஆயுள், வெப்பமும் உப்பும் மிகுந்த நம் கடலில் பத்துக்கு அருகில் நிற்பதே விவேகம்.

அடுத்தது, படகின் அடியிலுள்ள துளைகள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், கழிவறை, சமையல்தொட்டி, மேல்தள வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துளையும், அதை மூடித் திறக்க ஒரு வால்வும் இருக்கும். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று நீர்மட்டத்துக்கு இரண்டடிக்குக் கீழே முறிந்தால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் கடல் உள்ளே வரும். பெரும்பாலான பழைய படகுகளில் பொருத்தியிருக்கும் சிறிய மின்பம்பு அதற்கு ஈடுகொடுக்காது. இந்த வால்வுகள் வெண்கலமாக இருந்தால் நல்லது. சாதாரணப் பித்தளையாக இருந்தால், உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்தெடுத்துவிட, பஞ்சுபோன்ற செம்பு மட்டும் எஞ்சும். கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளாக மின்னினால் உயிர் இருக்கிறது, இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வு தெரியாமல் கால் பட்டாலும் உடையும். படகு கரையில் நிற்கும்போது மாற்ற வேண்டிய வேலை இது என்பதால், தண்ணீரில் இறக்கும் நாளுக்கு முன் முடிந்தே ஆக வேண்டும். மாற்றிய பின், ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மென்மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

சுக்கானைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அச்சில் தளர்வு தெரிந்தால், அதைத் தாங்கும் பொருத்துகளைக் கழற்றித் தகடுகளைப் போலவே சோதியுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே உருளை இருக்கும் பெட்டி உள்ளறையோடு தொடர்பில்லாமல், கீழே கசியும் வாயு கடலுக்கு வழிந்துபோகும் துளையோடு இருக்க வேண்டும். மின்கம்பிகள் பழையவை என்றால், ஒரு முனையில் உறையைச் சீவிச் செம்பைப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். இந்த ரகப் படகுகள் பலவற்றில் முன்பக்கப் படுக்கைக்கு அடியில் பெரிய இரும்பு டீசல் தொட்டி ஒன்று வைக்கப்பட்டது. அது இன்னும் இருந்தால், ஆய்வு மூடியைத் திறந்து அடியில் படிந்த சேற்றை வழித்தெடுங்கள். வெப்ப நாட்டில் தொட்டிக்குள் வியர்க்கும் நீரில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. துறையில் கட்டியிருக்கும்வரை அடியில் அடங்கியிருக்கும் அந்தக் கசடு, அலை அடிக்கும் நாளில், அதாவது இயந்திரம் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் தேக்கு. உங்கள் கணவரின் கவலை பொய்யல்ல. அந்தத் தேக்குப் பலகைகள் நூற்றுக்கணக்கான திருகாணிகளால் பிணைக்கப்பட்டவை. ஒவ்வொரு திருகாணியும் கீழேயுள்ள கண்ணாடியிழையில் ஒரு துளை. அதன் வழியே இறங்கும் நீர் இரண்டு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் மர நிரப்பை மக்கச் செய்யும். ஆனால் முழுத் தளத்தையும் பெயர்க்கும் முன், ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். டக் டக்கென்று கேட்கும் இடம் நலம். பொத்தென்று மந்தமாகக் கேட்கும் இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் பாய்மரத்தின் அடியிலோ செயின் பிளேட்டுகளைச் சுற்றியோ விழுந்தால் அந்த இடங்களை மட்டும் இப்போதே வெட்டித் திறந்து செப்பனிட வேண்டும். நடைபாதையிலோ முன்தளத்திலோ இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தால், துருத்திய திருகாணிகளை எடுத்து, எபாக்சி என்னும் இறுகும் பிசினை நிரப்பி, பலகை இடுக்குகளில் புதுப் பசை இட்டு ஓரிரு ஆண்டு ஓட்டலாம்.

முழுத்தளத்தையும் இப்போது திறக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் மழை. ஜனவரிக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. அந்த எட்டில் பெரும்பகுதி லங்காவியின் மழைக்காலம், செப்டம்பரும் அக்டோபரும் அதன் உச்சம். திறந்து வைத்த மர நிரப்பு அந்த ஈரத்தில் காயவே காயாது. ஈரத்தை உள்ளே வைத்து மேலே எபாக்சி பூசினால், பழைய நோயைப் புதுத் துணியால் போர்த்தியதுதான் மிச்சம். தள வேலைக்கு உகந்த உலர்ந்த மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. கடலில் ஓட உகந்த மாதங்களும் அவைதாம். இரண்டில் எதற்கு அந்த நான்கு மாதங்களைக் கொடுப்பது என்பதே உங்கள் வீட்டுச் சண்டையின் உண்மையான கேள்வி. முதல் ஆண்டைக் கடலுக்குக் கொடுங்கள் என்பது என் பதில். ஒரு பருவம் ஓட்டிய பிறகு, தேக்கைப் பெயர்த்துவிட்டு வழுக்காத வண்ணம் மட்டும் பூசினால் போதும் என்று உங்கள் கணவரே சொல்லக்கூடும். நண்பகலில் தேக்கின் மீது வெறுங்காலோடு நடந்தவர்கள் பலர் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். செலவிலும் எடையிலும் அது மிகக் குறைவு.

வருகிற ஜனவரியில் இலங்கை வேண்டாம் என்று நான் சொல்வது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஃபுக்கெட்டிலிருந்து இலங்கையின் காலி துறைமுகம் ஏறத்தாழ 1,100 கடல் மைல். உங்கள் படகு நாளொன்றுக்கு நூறு முதல் நூற்றிருபது மைல் ஓடும் என்று வைத்தால் ஒன்பது முதல் பதினொரு நாள் கரை தெரியாத பயணம். நிக்கோபாருக்குத் தெற்கே மலாக்கா நீரிணைக்குள் போகவும் வரவுமான பெருங்கப்பல்களின் தடம் குறுக்கிடும். இலங்கையின் தென்முனையில் மீண்டும் அதே நெரிசல். இருவர் மட்டுமே மாறி மாறிக் காவல் இருக்க வேண்டும். செப்பனிட்டு முடித்த படகில் பழுது வெளிப்படுவது முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்கள் பட்டறையிலிருந்து ஒரு பகல் தூரத்தில் கழிவது நல்லது. லங்காவியிலிருந்து தாய்லாந்தின் லிப்பே தீவுக்கு விடியலில் புறப்பட்டால் மாலைக்குள் நங்கூரம் போட்டுவிடலாம். அங்கிருந்து தீவு தீவாக ஃபுக்கெட் வரை போய்த் திரும்புவதற்குள் படகும் நீங்களும் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது தெளிவாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவலைப்பட்ட இடம் தேக்கு அல்ல. உங்களுக்கு உப்புத்தாள் மட்டும் தரப்படுகிறது என்ற வரி. இதைக் கணவன் மனைவி மனத்தாங்கலாக மட்டும் நினைத்துவிட வேண்டாம். இருவர் மட்டும் போகும் படகில் ஒருவர் கடலில் விழுந்துவிட்டால் மற்றவர் அந்த நொடி முதல் தனி மாலுமி. விழுந்தவர் உங்கள் கணவராக இருந்தால், பாயைத் தளர்த்துவது, இயந்திரத்தை இயக்குவது, படகைத் திருப்பி அவர் அருகில் நிறுத்துவது, எண்பது கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்துக்கு இழுத்தேற்றுவது, வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது அனைத்தும் உங்கள் இரண்டு கைகளால் நடக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாத துணையோடு ஒருவர் நெடுங்கடலுக்குப் போகக் கூடாது என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அவர் தன் உயிருக்காகவாவது கற்றுத்தர வேண்டும்.

ஆகவே வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள். வால்வுகளும் இயந்திரப் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு, வார்னிஷ் அவருடையது. டீசல் வடிகட்டியை மாற்றுவது, அதன்பின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, நீர்ப்பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றுவது ஆகிய மூன்றையும் அவர் பக்கத்தில் நின்று பார்க்க, நீங்களே செய்ய வேண்டும். அவர் ஸ்பானரைத் தொடக் கூடாது. எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது, எந்த வால்வு எந்த அலமாரிக்குள் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் வரைந்து வைப்பதும் உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். படகு தண்ணீரில் இறங்கிய பின், ஒரு நாள் முழுவதும் உங்கள் கணவர் கையைக் கட்டிக்கொண்டு பயணியாக உட்கார, நங்கூரம் தூக்குவதிலிருந்து மறுபடி போடுவது வரை நீங்கள் தனியாக ஓட்டுங்கள். மறுநாள் அவர். தண்ணீர் நிரப்பிய கேனைக் கடலில் எறிந்து, பாய் ஏற்றும் கயிற்றையும், அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சையும் கொண்டு அதைத் தூக்கிப் பழகுங்கள். அதை இரவிலும் ஒரு முறை செய்து பாருங்கள்.

தேய்க்கும் வேலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. படகின் அடியில் பூசும் பாசித்தடுப்பு வண்ணத்தின் பழைய அடுக்குகளில் டிரைபியூட்டைல் தகரம் என்ற கடும் நஞ்சு இருக்கக்கூடும். 2008இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்பாடு அதைத் தடைசெய்தது. உங்கள் படகு அதற்கு இருபத்தெட்டு ஆண்டு மூத்தது. உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். நனைத்துத் தேய்த்து, வடிகட்டி பொருத்திய முகமூடியோடு வேலை செய்யுங்கள், வழிந்த கழிவைப் பட்டறையின் சேகரிப்புத் தொட்டியில் சேருங்கள். அந்த நாள்களில் படகில் உறங்கவும் வேண்டாம். பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பது வீண்செலவாகத் தோன்றும். குளித்துவிட்டு ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட இடம் இருந்தால் உங்கள் பேச்சுவார்த்தையில் பாதி தானாகவே திரும்பிவிடும் என்பதைப் பட்டறைகளில் பல தம்பதியரிடம் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, மீதியிருப்பதில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே வேறு கணக்குக்கு மாற்றி, முதல் பருவத்தில் உடையப்போகிறவற்றுக்காகத் தொடாமல் வையுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் படகை இறக்கும் நாளைப் பட்டறையில் எழுதிப் பதிவுசெய்து முன்பணமும் கட்டிவிடுங்கள். அதன் பிறகு, திறந்த ஒன்றை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கடைசியாக, விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பலகைகள் கழற்றிய நிலையில், பாய்மரம் நம்பத்தகாத நிலையில், கரையில் நிற்கும் படகைக் கேட்டு வருகிறவர் நீங்கள் கொட்டிய பணத்தில் ஒரு சிறு பகுதிக்குத்தான் விலை சொல்வார். அதே படகு தண்ணீரில் மிதந்து, இயந்திரம் முதல் தட்டலில் இயங்கி, புதிய தகடுகளுக்கும் வடங்களுக்கும் ரசீது காட்டினால் நிலைமை வேறு. போவதானாலும் விற்பதானாலும் வருகிற டிசம்பர் வரை நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான் என்பதால், அந்த முடிவை இன்று எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. லிப்பேயிலிருந்து திரும்பி வந்த பிறகு இருவரும் சேர்ந்து எடுங்கள். தகடுகளைக் கழற்றியதும் சாயச் சோதனையின் படங்களை அனுப்பினால், எவற்றை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.